கூடையில் வந்த குழந்தை

சுண்ணாம்புக் குகையைக் காண்பதற்காகக் கடல் கடந்து அந்தமானின் பாராடாங் தீவுக்கு வருகிறோம். அந்தத் தீவுக்குக் காட்டை வெட்டிப் பாதை சமைத்த ஜனங்களின் உருவத்தை எங்கே காண்பது? சாந்திநிகேதனத்து மரநிழலிலும் சென்னைக் கடற்கரையிலும் அதற்கு ஒரு விடை இருக்கிறது.

குகைக்குள் நுழைந்து சிறிது தூரம் போவதற்குள் வெளியுலகத்தின் வெளிச்சம் அற்றுப்போய், காலடியில் ஈரமும் தலைக்குமேல் சொட்டுச் சொட்டாக விழும் நீரின் ஓசையும் மட்டுமே மிஞ்சியிருந்த இடத்தில், எங்களுக்கு வழிகாட்டியாக வந்த இளைஞன் கையிலிருந்த டார்ச் விளக்கை மேலே திருப்பி, "பாருங்கள், யானைத் தும்பிக்கை!" என்றான். ஒரு கணம் மௌனம். பிறகு வரிசையில் நின்ற அத்தனை பேரும் "ஆமாம், ஆமாம்" என்றார்கள். "தம்பி, இந்தப் பக்கம் கொஞ்சம் காட்டு, எனக்கு என்னவோ தாழம்பூ மாதிரித் தெரிகிறது" என்றார், மதுரையிலிருந்து பேரப்பிள்ளைகளோடு வந்திருந்த ஓர் அம்மாள். விளக்கு திரும்பியது. தாழம்பூதான்; வெண்மையும் வெளிர்மஞ்சளுமான மடல்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து, நுனியில் ஒரு நீர்த்துளி விழலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றது. பேரன் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினான். "தொடாதே பாபு, கை எண்ணெய் பட்டால் கல் வளராது" என்று இளைஞன் தடுத்தான்.

அந்த இருட்டில் நின்றவர்களில் பெரும்பாலோர் சித்திரசாலை எதற்குள்ளும் காலெடுத்து வைத்திராதவர்கள் என்றே நினைக்கிறேன். ஆயினும் கல்லிலே உருவம் தேடவும், தேடியதைக் கண்டபோது குழந்தையைப்போல் குதூகலிக்கவும், தான் கண்டதைப் பக்கத்தில் நிற்பவருக்குக் காட்டி மகிழவும் அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கலை ரசனை படித்தவர்களின் சொத்து என்று எண்ணுகிறவர்கள் அரை மணி நேரம் அந்தக் குகைக்குள் வந்து நிற்க வேண்டும்.

திரும்பும் வழியில், அலையாத்தி மரங்களின் வேர்கள் இருபுறமும் வளைந்து கூரை போட்ட கால்வாயைத் தாண்டிப் படகு நீலாம்பூர்த் துறையை அடைந்ததும், வாகன அணி புறப்படக் காத்திருந்த நேரத்தில், சாந்திநிகேதனில் நான் எடுத்திருந்த ஒரு படத்தை அந்த இளைஞனுக்குக் கைபேசியில் காட்டினேன். சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938-ல் அமைத்த சந்தால் பழங்குடியினரைக் காட்டும் 'சந்தால் குடும்பம்' என்ற சிற்பம் அது. தோளில் காவடி சுமந்து ஒருவன் நடக்கிறான். ஒரு கூடையில் குழந்தை, மறு கூடையில் வீட்டுச் சாமான். பக்கத்தில் இடுப்புக் குழந்தையோடும் தலைச்சுமையோடும் மனைவி, காலடியில் நாய். இளைஞன் படத்தைப் பெரிதாக்கி முதலில் நாயைப் பார்த்தான், பிறகு கூடையைப் பார்த்தான், வெகுநேரம் பார்த்தான். "எங்கள் தாத்தாவின் அப்பா ராஞ்சியிலிருந்து கப்பலில் வந்தாராம், சார். ஒரு தகரப் பெட்டி கொண்டு வந்தார் என்று சொல்வார்கள். படம் ஒன்றும் கிடையாது. இவரைப் பார்த்தால், அவர் இப்படித்தான் இருந்திருப்பார் என்று தோன்றுகிறது" என்றான்.

இக்கட்டுரை அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது.

ராஞ்சிக்காரர்கள்

அந்தமானுக்கு வந்தவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் சிறைக்கு வந்தவர்களையே நினைக்கிறோம். அது நியாயமே. 1896-க்கும் 1906-க்கும் இடையே எழுந்த செல்லுலர் சிறையில் வதைபட்டவர்களை மறப்பது பாவம். அதன் எதிரிலுள்ள பூங்காவில், அங்கே உயிர்நீத்த இந்து பூஷண் ராய், மோகித் மொய்த்ரா, மகாவீர் சிங் முதலியோருக்குச் சிலைகள் நிற்கின்றன. ஆனால் விலங்கு பூட்டப்படாமல், கூலிக்காக, மலையடிவாரத்துக் கிராமங்களைவிட்டு வந்த மற்றொரு கூட்டமும் உண்டு. 1918 முதல் சோட்டா நாகபுரியிலிருந்து, ராஞ்சியிலிருந்த கத்தோலிக்கத் தொழிலாளர் அலுவலகத்தின் மூலமாக, ஒராவோன், முண்டா, கரியா வகுப்பினர் வனத்துறை வேலைக்குத் திரட்டப்பட்டார்கள். படாக் மரத்தையும் குர்ஜன் மரத்தையும் வெட்டிச் சாய்த்தவர்கள், யானைகளோடு சேர்ந்து கட்டைகளைத் துறைக்கு இழுத்தவர்கள், சாலைக்குக் கல் உடைத்தவர்கள் அவர்களே. எந்த இனமானாலும் தீவில் எல்லோருக்கும் ஒரே பெயர்: 'ராஞ்சி'. பாராடாங்கிலும் மத்திய அந்தமானிலும் அவர்களுடைய வம்சத்தார் இன்று வாழ்கிறார்கள். சொந்த மண்ணில் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றுள்ள இவர்களுக்குத் தீவில் அந்த அந்தஸ்து கிடையாது. பெயரும் பட்டியலும் இல்லாத ஜனங்களுக்கு ஓர் உருவமாவது இருக்க வேண்டாமா?

▪ பெட்டிச் செய்தி: பாராடாங் போகும் வழி
போர்ட் பிளேர் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) நகரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஜிர்காடாங்கில் வாகனங்கள் அணிவகுத்துக் காத்திருந்து, போலீஸ் காவலுடன் ஜாரவாக் காப்புக்காட்டைக் கடக்க வேண்டும். வழியில் நிறுத்துவதும் படம் எடுப்பதும் குற்றம். மிடில் ஸ்ட்ரெய்ட் நீரிணையைத் தாண்டினால் பாராடாங். காணத்தக்கவை: சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை, அந்திநேரத்தில் கிளிகள் வந்து அடையும் கிளித்தீவு. மழை ஓய்ந்த மாதங்கள் ஜனவரி முதல் ஏப்ரல்வரை.

சிமென்ட்டும் செம்மண் கல்லும்

வங்காளத்தில் பாங்குராவில், நாவிதர் குடும்பத்தில் 1906-ல் பிறந்த ராம்கிங்கர், 1925-ல் சாந்திநிகேதன் சேர்ந்தார். ரவீந்திரநாத தாகூர் 1901-ல் ஒரு சிறு பள்ளியாகத் தொடங்கி, 1921-ல் விசுவபாரதி சர்வகலாசாலையாக மலர்ந்த அந்த ஊர், நம் நாட்டில் கல்லூரி நகரம் என்ற சொல்லுக்கு முழு அருத்தம் தரக்கூடிய ஒன்று. அங்கே கலாபவனம் 1919-ல் பிறந்தது. நந்தலால் போஸ் அதன் தலைவராக இருந்து, சித்திரத்தைச் சட்டத்துக்குள்ளிருந்து சுவருக்கும் முற்றத்துக்கும் கொண்டுவந்தார். மண்ணோடு தார் கலந்து பூசி, மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிப் புடைப்புச் சிற்பங்கள் அமைத்த 'கருவீடு' அங்கே 1930-களில் எழுந்தது. மாணவர் விடுதி அது. சலவைக்கல்லும் வெண்கலமும் வாங்கப் பணமில்லாத இடத்தில், காலடி மண்ணையும் சாலைக்குப் பூசும் தாரையும் எடுத்துக் கலை செய்யலாம் என்ற துணிவுதான் எனக்கு அந்த வீட்டின் பெரிய அழகாகத் தெரிந்தது.

அதே துணிவோடு, ராம்கிங்கர் கம்பிக் கூட்டின்மேல் சிமென்ட்டையும் உள்ளூர்ச் செம்மண் கல்லையும் கலந்து அறைந்து அறைந்து உருவம் எழுப்பினார். 1935-ல் அவர் செய்த நெடிய பெண் உருவம் ஒன்று மரங்களுக்கிடையில் நின்றது; நந்தலால் அதைப் பார்த்து, தலையில் பாயசக் கலசம் ஒன்றை ஏற்றச் சொன்னார்; அது புத்தருக்கு அமுது படைத்த சுஜாதை ஆயிற்று. அடுத்து வந்தது 'சந்தால் குடும்பம்'. இந்தியாவில் திறந்த வெளியில் நின்ற முதல் நவீன சிற்பம் என்று கலை வரலாற்றாசிரியர்கள் பலர் அதைக் கருதுகிறார்கள். முதன்மை எனக்கு அவ்வளவு முக்கியமாகப்படவில்லை. அரசர், தேசத்தலைவர், தெய்வம் என்ற மூவருக்கே பீடம் கிடைத்துவந்த நாட்டில், பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் போகும் ஒரு கூலிக் குடும்பத்துக்கு, ஆளுயரத்துக்கு மேலாக, நடையின் வேகம் குன்றாமல் ஓர் உருவம் கிடைத்தது என்பதே முக்கியம். கிட்டப் போய்ப் பார்த்தால் மேனி வழவழப்பாக இல்லை. கல் துருத்திக்கொண்டிருக்கிறது, கையால் அறைந்த பள்ளம் தெரிகிறது. வெயிலில் உழைத்துக் காய்ந்த தோலைப் போலவே இருக்கிறது. 1956-ல் அவர் அமைத்த 'ஆலைச் சங்கு' என்ற சிற்பத்தில், ஆலைக்கு நேரமாகிவிட்டதென்று இரு பெண்கள் ஓடுகிறார்கள்; உலராத துணி காற்றில் பறக்கிறது; பின்னால் ஒரு சிறுவன். அந்த வழியே வேலைக்குப் போன சந்தால் பெண்கள் தங்களையே அங்கே கண்டார்கள். பாராடாங் இளைஞன் கைபேசியில் கண்டதும் அதுதான்.

ஒரு தமிழரும் கலைச் சந்தைகளும்

தெருவில் நிற்கும் கலைக்கு ஒரு தங்கை உண்டு, அது சந்தை. சிலையைக் கண்டு நின்றவன், அடுத்ததாக ஒரு சிறு படத்தையோ பொம்மையையோ வீட்டுக்குக் கொண்டுபோக விரும்புகிறான். அந்த விருப்பத்தை மதித்தவர்களில் முதன்மையானவர் கே.ஜி. சுப்பிரமணியன். 1924-ல் கேரளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்று, 1944-ல் சாந்திநிகேதன் போய்ச் சேர்ந்த இவர், பிற்காலத்தில் பரோடா சர்வகலாசாலையின் நுண்கலைத் துறையில் ஆசிரியரானார். அங்கே 1961-ல் 'நுண்கலைச் சந்தை' தொடங்கிற்று. ஆசிரியர்களும் மாணவர்களும் தங்கள் கையால் செய்த பொருள்களை ஊராருக்கு எளிய விலையில் விற்றார்கள்; அந்தச் சந்தைக்காகவே சுப்பிரமணியன் மரத்துண்டும் மணியும் தோலும் வைத்துப் பொம்மை செய்தார். அவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பெரிய கலைஞன் ஒருவன் குழந்தை கையில் கொடுக்கும் பொம்மைக்குத் தன் முழு மனத்தையும் கொடுத்தான் என்ற செய்தி, பட்டங்களையும் விருதுகளையும்விட எனக்கு அவர்மேல் மதிப்பை உண்டாக்குகிறது. 2009-ல், எண்பத்தைந்தாவது வயதில், கலாபவனக் கட்டிடம் ஒன்றின் சுவர்களைக் கறுப்பு வெள்ளைச் சித்திரத்தால் அவர் மீண்டும் நிரப்பினார்.

சாந்திநிகேதனில் 1973 முதல் நடப்பது நந்தன் மேளா. நந்தலாலின் பிறந்தநாளான டிசம்பர் 3-ஐ ஒட்டி, டிசம்பர் 1, 2 தேதிகளில் கலாபவன வளாகமே கடைவீதியாகிவிடும். மண்கலம், அச்சுச் சித்திரம், நாட்காட்டி, கழுத்துமாலை என்று மாணவர் செய்ததை ஊரார் வாங்குவர். பலகாரக் கடையும் மாணவருடையதே. வரும் பணம் மாணவர் நல நிதிக்குப் போகும். ஊருக்கும் கல்லூரிக்கும் நடுவிலுள்ள சுவர் அந்த இரண்டு நாளும் இருப்பதில்லை.

கடல் கடந்தும் இதே வழக்கம் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலை இருக்கும் ஆன் ஆர்பர் நகரில், 1960 முதல் கோடையில், ஜூலை மாதத்தில், வீதிகளை அடைத்துக் கலைச் சந்தை நடத்துகிறார்கள். அந்தச் சர்வகலாசாலை வளாகத்தில், கை வைத்துத் தள்ளினால் சுழலும் பிரம்மாண்டமான கரிய கனசதுரம் ஒன்று நிற்கிறது. தொடாதே என்று சொல்லாத சிற்பம்! பாராடாங் குகையில் கை நீட்டிய அந்தப் பேரனை அங்கே கொண்டுபோய் விட வேண்டும்.

▪ பெட்டிச் செய்தி: தமிழ்நாட்டில் திறந்த வெளிக் கலை
1959: சென்னைக் கடற்கரையில் 'உழைப்பாளர் சிலை' திறப்பு. சிற்பி தேவி பிரசாத் ராய் சௌதுரி; 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியப் பள்ளியின் தலைவர்.
1966: கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். பாடிக் முதலிய கைவினைப் பொருள்களை விற்று, அந்த வருவாயில் கலைஞர் வாழ வழி.
2020: கண்ணகி நகர்க் குடியிருப்புகளின் சுவர்களில் பெரிய சுவரோவியங்கள்.

உருவம் கிடைத்தால் என்ன ஆகும்?

மெரினாவின் உழைப்பாளர் சிலையில் பாறையை நெம்பும் நால்வரைப் பார்க்காத சென்னைவாசி இல்லை. 1923-ல் சிங்காரவேலர் நாட்டின் முதல் மே தின விழாவை நடத்திய அதே கடற்கரையில், அவர்களுக்கு அந்த இடம் கிடைத்தது பொருத்தமே. அந்த நால்வருக்குப் பெயரில்லை. அதனாலேயே அவர்கள் எல்லோருமாகிறார்கள். வெளியூரிலிருந்து வந்து இறங்கிய கட்டிட வேலைக்காரன் தன் பிள்ளையை அதன் கீழே நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வேறு எந்தச் சிலையின் கீழும் அந்தப் பிள்ளை "அப்பா மாதிரி" என்று சொல்ல முடியாது.

கண்ணகி நகர் வேறு பாடம் சொல்கிறது. சென்னை நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தி 2000 முதல் குடியமர்த்தப்பட்ட ஜனங்களின் ஊர் அது. ஊர்ப் பெயரைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்கியவர்கள் உண்டு. சுவரோவியம் வந்தபின் வெளியிலிருந்து பார்வையாளர் வந்தார்கள். பத்திரிகைகள் குற்றச் செய்தி அல்லாத ஒரு செய்திக்காக அந்தப் பெயரை அச்சிட்டன. ஆனால் வர்ணம் குடிநீர் கொண்டுவராது, பஸ் கொண்டுவராது. சுவர் அழகானதைக் காரணமாகக் காட்டி மற்றக் கடமைகளைத் தள்ளிப்போடுவது அந்த ஜனங்களுக்குச் செய்யும் துரோகம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், பாராடாங்குக்கு நான் கேட்கப் போவதும் ஒரு சுவரைத்தான்.

எதைச் செய்யலாகாது

தீவில் கலை விழா என்ற பேச்சு எடுத்தவுடன் சிலருடைய மனம் ஜாரவப் பழங்குடியினரிடம் ஓடிவிடும். வெண்களிமண்ணால் உடலில் கோடுகள் வரைந்துகொள்ளும் அவர்களுடைய அலங்காரம் மிகத் தொன்மையான சித்திரக்கலை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது நமக்காக வரையப்பட்டதன்று. 2002-ல், அவர்களுடைய காப்புக்காட்டு வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையை மூடுமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலை இன்றும் திறந்திருக்கிறது. 2012-ல், ஜாரவப் பெண்களை உணவுக்காக ஆடச் செய்யும் படம் வெளிவந்தபோது உலகமே வெட்கித் தலைகுனிந்தது. அவர்களை மேடையில் நிறுத்துவதோ, அவர்களுடைய கோலங்களைத் தோரணமாகத் தொங்கவிடுவதோ, சிமென்ட்டில் அம்பும் வில்லும் ஏந்திய பொம்மையாக்கித் துறையில் நட்டுவைப்பதோ கூடவே கூடாது. தங்களுக்கு வேண்டுமென்று கேட்கும் ஜனங்களுக்கே உருவம் அமைக்கலாம். கேளாதவர்களைத் தனிமையில் விடுவதே மரியாதை.

இன்னொன்று. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. அத்துடன் கடற்காற்றின் உப்பு. சாதாரணச் சாயம் இரண்டு மழைக்காலத்தில் உதிர்ந்துவிடும். இரும்புக் கம்பி துருவேறிச் சிமென்ட்டைப் பிளக்கும். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்காமல் சிலை வைப்பதைவிட வைக்காமலிருப்பது நன்று.

பாராடாங்கில் ஒரு கோடைச் சந்தை

மே மாத நடுவில் தென்மேற்குப் பருவமழை தீவைத் தொட்டுவிடும். ஆகவே இங்கே கோடைச் சந்தை என்றால் மாசி, பங்குனி என்றே கொள்ள வேண்டும். சுற்றுலாப் பிரயாணிகள் மிகுதியாக வரும் காலமும் அதுவே. போர்ட் பிளேரில் 1967 முதல் ஜவாஹர்லால் நேரு அரசு மகாவித்தியாலயம் இருக்கிறது; வடக்கே மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவழியில் கிடக்கிறது பாராடாங். காலையில் வந்து குகையைப் பார்த்துவிட்டு, மாலை வாகன அணியைப் பிடிக்க மணிக்கணக்காகத் துறையில் காத்துக் கிடக்கும் பிரயாணிகளுக்கு, இளநீரையும் பஜ்ஜியையும் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லை.

அந்தக் காத்திருப்பை ஏன் வீணாக்க வேண்டும்? இரு கல்லூரி மாணவர்களும் தீவுப் பள்ளிச் சிறுவர்களும் அங்கே மூன்று நாள் கடை விரிக்கட்டும். பொருளுக்குப் பஞ்சமில்லை. 1883-ல் தொடங்கிய சாத்தம் மர ஆலையின் வளாகத்திலுள்ள அருங்காட்சியகத்தில், படாக் மரத்தின் செந்நிறத்தையும் ரேகையையும் அறிந்து செதுக்கிய வேலைப்பாடுகளைக் காணலாம். அந்தக் கைத்திறன் தீவில் இன்னும் அற்றுப்போகவில்லை. மூங்கில், பிரம்பு வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வங்காளக் குடியேற்றத்தார் வீட்டு வாசலில் ஆல்பனா போடுகிறார்கள். நம்மவர் வீட்டில் கோலம் இருக்கிறது. ராஞ்சிக்காரர்கள் விழா நாளில் மத்தளம் கொட்டி ஆடுகிறார்கள். ஒரே துறையில் இத்தனையும் கூடினால், கடையில் விற்பனையாகும் சிப்பி மாலையைவிடச் சிறந்த ஒன்றைப் பிரயாணி ஊருக்குக் கொண்டுபோவான். அதைச் செய்தவன் முகத்தையும் பார்த்துவிட்டுப் போவான். காசும் தீவிலேயே தங்கும்.

உருவத்தைப் பற்றிக் கடைசியாக ஒன்று கேட்டேன். "உங்கள் தாத்தாவின் அப்பாவுக்கு இங்கே ஒரு சிற்பம் வைத்தால், கையில் என்ன கொடுப்பது? கோடரியா, ரம்பமா?" அந்த இளைஞன் யோசித்துவிட்டு, "இரண்டும் வேண்டாம், சார். அந்தப் பெட்டியைக் கொடுங்கள்" என்றான்.

அந்தமான் நிருவாகத்துக்கும் வனத்துறைக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் சிறியது. பாராடாங் படகுத்துறையில் பிரயாணிகள் காத்திருக்கும் இடத்தில் ஒரே ஒரு சுவரை, அடுத்த மழை ஓய்ந்ததும், அந்தத் தீவுப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். வரையக் கற்றுக்கொடுக்க இரண்டு ஆசிரியர்களை அனுப்புங்கள். எதை வரைவது என்பதை அவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு முடிவு செய்யட்டும்.